பங்கு வைத்த குளிசை

இறக்காமத்து அப்துல் கபூருக்கும் அவர் மச்சான் நளீமுக்கும் வயலில் எதுவுமே பாதி பாதிதான். விதைநெல்லும் அப்படி, வாடிக் குடிசையில் ஊற்றும் தேத்தண்ணியும் அப்படி, யானை மிதித்த நட்டமும் அப்படித்தான். இருபது வருடமாகக் கபூர் பங்கு வைப்பார். நளீம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வார்.

அந்தப் பெரும்போக நெல் விதைப்பில் எலிக்காய்ச்சல் ஆராய்ச்சிக்கென்று கல்முனையிலிருந்து டொக்டர் பிரசாந் வந்தார். சேற்றில் இறங்குகிற நானூறு பேருக்கு நம்பர் போட்ட குளிசைப் போத்தல் கொடுத்தார். வாரம் இரண்டு மாத்திரை விழுங்க வேண்டும். சில போத்தலில் மருந்து, சிலதில் அதே நிறத்தில் வெறும் மாவு. எதில் எது என்று தனக்கே தெரியாது என்றார்.

"தாறவருக்கே தெரியாத மருந்த என்னெண்டு மச்சான் குடிக்கிற?" என்றார் கபூர்.

"பிஸ்மி செல்லிக் குடி," என்றார் நளீம்.

இரண்டு போத்தலும் வாடிக் கம்பில் தொங்கின. பார்க்கப் பார்க்கக் கபூருக்குப் பொறுக்கவில்லை. ஒன்று மருந்து, மற்றது மாவு. அப்படியென்றால் ஒருவனுக்கு நெல்லு, மற்றவனுக்குப் பதரா? நளீம் வாய்க்கால் பார்க்கப் போன நேரம் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, சரிபாதியாகப் போத்தல்களில் போட்டார். நளீமிடம் சொல்லவில்லை. நல்ல காரியத்தை என்னத்துக்குச் சொல்வது?

ஐந்தாம் வாரம் நளீம் காய்ச்சலில் விழுந்தார். கண் சிவந்தது, வலியில் கெண்டைக்காலைத் தொட முடியவில்லை, சிறுநீரும் குறைந்தது. கபூருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அதுதான் அவரைத் தின்றது. நளீமின் போத்தல் மருந்தென்றால், பாதியைக் களவெடுத்தவர் கபூர். தன்னுடையது மருந்தென்றால், பாதியைக் கொடுத்தவர். களவா, கொடையா? தொழுகையில் நின்றால் ரக்அத் எண்ணிக்கை பிசகியது.

ஆஸ்பத்திரியில் நளீமின் கட்டிலருகே நின்ற டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டொக்டர் தன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேரையும் இனி ஆராய்ச்சியில சேர்க்கேலாது, கபூர் காக்கா."

"அது கெடக்கட்டும். ஆருட போத்தல் மருந்து?"

"எனக்குத் தெரியாது. நானூறு பேருக்கும் சேர்த்துச் சீட்டுக் குலுக்கினாப் போலதான். உங்கட ரெண்டும் மருந்தாவும் இருக்கலாம், ரெண்டும் மாவாவும் இருக்கலாம்."

அப்படியும் இருக்கும் என்று கபூர் நினைத்ததே இல்லை.

"அப்ப நான் என்னத்தப் பங்கு வெச்சன்?"

டொக்டர் சேலைன் போத்தலைக் காட்டினார். "இப்ப ஏறுற ஊசி உண்மையான மருந்துதான். சிறுநீர் போகத் தொடங்கிற்று. பயமில்ல," என்றார்.

நளீம் சேலைன் ஏறுகிற கையை மெல்லத் தூக்கினார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. "மச்சான், காய்ச்சல மட்டும் முழுசா எனக்குத் தந்திட்டாயே!"

கபூருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அடுத்த போகம் நீ பங்கு வை. எனக்கு இனி ஏலா."

"நீதான் வைக்கிற," என்று சொல்லி நளீம் கண்ணை மூடிக்கொண்டார்.

அது நம்பிக்கையா, வெறும் தூக்கமா? கபூருக்கு விளங்கவில்லை.