குழித்தறிக்குள் ஏறிய தண்ணீர்

கண்காணிப்புக் கிணறு என்று நாங்கள் சொல்லும், நிலத்தடி நீர்மட்டம் பார்க்கிற பைப்பின் மூடியைத் திறந்தேன். தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. நிலத்தடி நீர் அலுவலகத்தில் இத்தனை வருஷமாகத் தண்ணீர் கீழே போவதைப் பார்த்துத்தான் பயந்து பழக்கம். மேலே வந்தால் எப்படிப் பயப்படுவது என்று யாரும் டிரெயினிங் கொடுக்கவில்லை. குடிநீர்க் குழாய் உடைந்து உள்ளே கொட்டுகிறது என்று நானே முடிவுகட்டி, இன்ஜினியர் மேடத்துக்கு போன் போட்டேன்.

"மழைக்காலம் சார், ஏறத்தான் செய்யும். போன வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

போன வேலை இதுதான்: வட்டாரத்துக் கண்காணிப்புக் கிணறுகளில் எது உருப்படியான தகவல் தருகிறது, எது தண்டம் என்று மார்க் போட்டிருந்தோம். கடைசியில் வந்ததற்குள் தொங்குகிற, நீர்மட்டத்தை அளந்து ஆபீசுக்கு அனுப்பும் சென்சாரைக் கழற்றி, தண்ணீர் வற்றுகிற ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். கடைசியில் வந்தது பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் தெருவில் இருக்கும் இந்தக் கிணறு. கோடையிலும் வற்றாத இடத்துக்குக் காவல் எதற்கு?

சென்சார் கேபிளை இழுக்கும்போது எதிர்வீட்டு பரிமளா வந்து நின்றார். பட்டு நெய்கிறவர். எதற்குக் கழற்றுகிறேன் என்று கேட்டார். இங்கே தண்ணீருக்குக் குறைச்சலே இல்லை என்று, ஏதோ நான் ஊற்றி வைத்த மாதிரி பெருமையாகச் சொன்னேன்.

"அதான் சார் எங்க கஷ்டமே. உள்ள வந்து பாருங்க."

தறிக்குக் கீழே, காலை இறக்கி மிதிக்கும் குழியில் தண்ணீர் ஊறியிருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக ஏறிவிடுகிறதாம். ஈரம் தாக்கினால் பட்டு தொய்யும், ஜரிகை கறுக்கும். முன்கூட்டியே தெரிந்தால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைச் சுருட்டி மேலே கட்டிவிடலாம். தறியில் இருந்தது யாருக்கோ முகூர்த்தப் புடவை. கெட்டுப்போனால் பழி இவர் தலையில்.

"பைப்புல தண்ணி ஏறுறது உங்க ஆபீசுக்குத் தெரியுதுல்ல? எங்களுக்கு ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

கேபிளைத் திரும்ப உள்ளே விட்டேன்.

கழற்றாமல் வந்துவிட்டேன் என்று ஆபீசில் சொன்னதும் மேடம் முதலில் முகம் சுளித்தார். மார்க் குறைவுதானே என்றார்.

"கேள்வியையே ஒரு பக்கமா கேட்டுட்டோம் மேடம். வத்தினா யாருக்கு நஷ்டம்னு கேட்டோம். ஏறினா யாருக்குன்னு கேக்கல."

மார்க் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பிறகு அதற்கும் மார்க் வைக்கச் சொன்னார். கிணறு பாஸாகிவிட்டது. தண்ணீர் ஏறினாலும் எங்கள் போனில் அலாரம், தெருக்காரர்களுக்கும் மெசேஜ் என்று மாற்றினோம்.

அடுத்த பெருமழையில் அலாரம் வந்தது. வலது காலில் என் செருப்பும் இடது காலில் மனைவி செருப்புமாக ஓடினேன். பாவு மேலே பத்திரமாகத் தொங்கியது. பரிமளா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மெசேஜ் எப்பவோ வந்துடுச்சு சார். நீங்க இன்னாத்துக்கு ஓடியாறீங்க?"

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. சென்சார் அனுப்பும் தகவல் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்துவிட்டு மார்க் போடுங்கள். என் ஓட்டத்தை அதில் சேர்க்க வேண்டாம்.