ஒருத்தி மட்டும் படித்த வகுப்பு

பென்னலூரில் என் மகளைப் பள்ளி வேனில் ஏற்றும் இடத்தில்தான் ஒரு பெண்ணும் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பார். தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். நீலச் சட்டை, இறுக்கிப் பின்னிய ஜடை. எப்போதும் சுவரில் முதுகை ஒட்டியே நிற்பார்.

அன்று மகள் டப்பாவில் கொண்டுவந்த இட்லியை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்க மறுத்தாள். வேன் வருகிற நேரம். முதுகில் ஒன்று வைத்தேன். மறுபடியும் கையை ஓங்கினேன். மூன்றடி தள்ளி நின்ற அந்தப் பெண் இரு கைகளாலும் தன் தலையை மூடிக்கொண்டார்.

பிறகு அவரே சிரித்தார். "பயந்துடாதக்கா, பழக்கம். எங்கப்பா பெல்ட்ட எடுத்தா தலைலதான் வுழும்."

ஓங்கிய கையை இறக்கி, "அப்புறம்?" என்றேன்.

"கணக்கு டீச்சர் வூட்டுக்கே வந்து, தெனமும் சாய்ங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், வந்தே ஆவணும்னு சொல்லிட்டாங்க. எங்கப்பா நைட் ஷிஃப்ட்டுக்குக் கெளம்புற வரிக்கும் கிளாஸ். போய்ப் பாத்தா நான் ஒருத்திதான். வேற இன்னா பண்றது, கணக்கு போட்டுக்கினே இருந்தேன். டிப்ளமா வரிக்கும் போட்டேன்."

எனக்குக் குழப்பமாக இருந்தது. ஒரே ஒரு அடிதானே? அதுவும் அவள் சாப்பிடத்தானே? "நான் அடிச்சதும் உங்கப்பா அடிச்சதும் ஒண்ணாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னக் கேட்டா எப்டி? பாப்பாவக் கேளுக்கா" என்றபடி, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டார்.

திரும்பினேன். மகள் என் கையையே பார்த்தபடி, டப்பாவில் மிச்சமிருந்த இட்லியை வேகவேகமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை என்று சொல்வதா, போதும் என்று தடுப்பதா, எனக்குத் தெரியவில்லை.