கற்பூரம் காட்டிய பத்திரம்

வடக்குப்பட்டுக் கனகத்துக்குச் சிரிப்பும் உரக்க வரும், அழுகையும் உரக்க வரும். 2007ஆம் வருஷம் மூன்று மாதம் தெருவுக்குக் கேட்டது அழுகை மட்டும்தான். கல்யாணத்தின்போது அப்பா அவள் பெயருக்கு எழுதிவைத்த ஏரிக்கரை நிலம் கைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

எல்லாம் புருஷன் தணிகாசலத்தால் வந்த வினை. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற மனுஷன். ஒரகடத்தில் கம்பெனிகள் வரவர நில புரோக்கர்களும் வந்தார்கள். அவர்களில் பெருமாள்சாமி என்பவர் தேனொழுகப் பேசி இவரை மடக்கிவிட்டார். நச்சரிப்பு தாங்காமல், நிலத்தை விற்கக் கனகமும் சரியென்று சொல்லித் தொலைத்தாள்.

முத்திரைத்தாளில் ஒப்பந்தம் டைப் அடித்து வந்தது. எங்கள் பக்கத்தில் சாமிக்குக் காட்டாமல் எந்தப் பத்திரமும் நடக்காது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வல்லக்கோட்டை முருகன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். பேனாவைத் திறக்கும்போது பார்த்து ராகு காலம் பிறந்துவிட்டது. "அப்பால போட்டுக்கலாம்" என்று பெருமாள்சாமி தாளைப் பையில் வைத்துக்கொண்டு வேறொரு நிலம் பார்க்கப் பறந்தார். சாமி முன்னால் கற்பூரம் எரிந்த பிறகு இன்னும் என்ன இருக்கிறது என்று புருஷனும் பெண்டாட்டியும் நம்பிவிட்டார்கள். கனகம் அதற்கப்புறம் ஏரிக்கரைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ரேஷன் கடைக்குக்கூடச் சுற்றுவழியில்தான் போனாள்.

மூன்று மாதம் கழித்துப் பெருமாள்சாமி பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார். "ஒண்ணுமில்லக்கா, ஒரு கையெழுத்துதான் பாக்கி. சும்மா பேருக்கு."

சும்மா பேருக்கு என்றால் இந்த வெயிலில் இவ்வளவு தூரம் வருவானேன்? கனகத்துக்குப் பொறி தட்டியது. நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் வக்கீல் சந்திரலேகாவிடம் ஓடினாள்.

"டைப் அடிச்சுட்டா ஒப்பந்தம் ஆயிடாதும்மா. எழுதிக்கொடுப்பவர்னு போட்ட எடத்துல, சம்மதிச்சு நீங்க கையெழுத்து வைக்கணும். அட்வான்ஸ் வாங்குனீங்களா?"

"ஒரு டீ கூட வாங்கல."

"அப்போ நீங்க எதையும் எழுதிக் குடுக்கல. அது வெறும் தாள்."

"முருகன் காலடியில வெச்சோமே?"

"முருகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டாரா?"

கனகம் சிரித்த சிரிப்பில் வாசலில் காத்திருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் பெருமாள்சாமி பேனாவை நீட்டினார். "நெலம் குடுக்கறதா இல்ல. மூடி வெச்சுக்கோங்க" என்றாள் கனகம். தணிகாசலம் வழக்கம்போல் தலையாட்டினார், இந்த முறை பெண்டாட்டி சொன்னதற்கு. அன்று சாயங்காலம் நேர்வழியில் ஏரிக்கரைக்குப் போய், நிலத்தின் நடுவில் உட்கார்ந்து, சந்தோஷத்தில் ஒரு பாட்டம் அழுதாள்.

பிற்பாடு அங்கே வாடகைக்கு அறைகள் கட்டினாள். முதலில் குடிவந்தவள், திருநெல்வேலியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த செல்வலட்சுமி. வாடகை ஒப்பந்தத்தில் மஞ்சளைத் தடவிவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தாள். கனகம் பாய்ந்து பிடுங்கினாள்.

"மொதல்ல கையெழுத்தப் போடு கண்ணு. கற்பூரம் அப்பால."

"ஏன் அத்தை, சாமிக்குக் காட்டிட்டுப் போட்டா என்னவாம்?"

"அப்டிதான் நானும் காட்டினேன். உயிரோட கீற நெலத்துக்கு மூணு மாசம் ஒப்பாரி வெச்சேன்!"