பேரியத்தின் இரண்டாம் பெயர்

சோடியத்துக்கு இடக்கையில் ஒரு விரல், குளோரைடுக்கு வலக்கையில் ஒரு விரல். இரண்டையும் கொக்கி போல மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்தாளர் குன்வோர் பெர்கே அம்மா அந்தச் சோடியம் குளோரைடு புட்டியை அலமாரியில் வைக்கிறார். அடுத்தது மக்னீசியம் குளோரைடு. இப்போது இடக்கையில் இரண்டு விரல் நீள்கிறது. "இவன்கிட்ட குடுக்க ரெண்டு இருக்கு. குளோரைடு ஒருத்தன் ஒண்ணுக்கு மேல வாங்க மாட்டான். அப்ப ரெண்டு பேரு வந்தாத்தான் ஆச்சு," என்று புட்டிக்கே சொல்லிவிட்டு வலக்கையிலும் இரண்டு விரலை நீட்டி மாட்டுகிறார். ஒரு இழுப்பு. புட்டி மேலே போகிறது.

மேற்கு நார்வேயின் கடலோரச் சிற்றூர் ஒன்றில், மருத்துவமனையின் நிலவறையில் இருக்கிறது அவருடைய மருந்தறை. சன்னல் தெருவின் மட்டத்தில் இருப்பதால் உலகத்தை அவர் முழங்காலுக்குக் கீழேதான் பார்க்கிறார்: மழைச் செருப்புகள், சைக்கிள் சக்கரங்கள், நனைந்த நாய்கள். வயது ஐம்பத்து நான்கு. நெடுநெடுவென்ற உடம்பு. வெள்ளைக் கோட்டின் ஒரு பையில் காகிதத்தில் சுற்றிய பழுப்புப் பாலாடைக்கட்டி, இன்னொரு பையில் பென்சில் துண்டு. இரண்டையும் மாற்றிக் கடித்த நாளும் உண்டு என்று உதவி மருந்தாளர் ஆர்விட் சொல்வார். ஆர்விட் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம்.

உப்புகளுக்குப் பெயர் வைக்கும் முறையை அவரைப்போல் சுருக்கமாகச் சொல்ல ஆளில்லை. "குடுத்தவன் பேரு முன்னாடி, வாங்கினவன் பேரு பின்னாடி. குடுத்தவன் பேரு மாறாது. வாங்கினவன் குளோரின்னா குளோரைடுன்னு வாலை மாத்திக்குவான். கைநீட்டி வாங்கிட்டான்ல, பழைய ஆளா இருக்க முடியுமா?" சோடியத்தைத் தனியே விட்டால் தண்ணீரில் தீப்பிடிக்கும், குளோரினைத் தனியே விட்டால் மூச்சை அடைக்கும். கொடுத்து வாங்கிக்கொண்ட பிறகோ இரண்டும் மதியம் அவருடைய மீன் சூப்பில் சாதுவாகக் கிடக்கின்றன.

பின்பெயரில் அவருக்கு இருக்கும் பிடிவாதத்துக்குக் காரணம் அவர் அப்பா. அந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஒருவர் எந்தப் பண்ணையில் குடியிருக்கிறாரோ அந்தப் பண்ணையின் பெயர்தான் அவருக்குப் பின்பெயர். அப்பா லார்ஸ் நெஸ் என்று பிறந்தவர். மலையடிவாரப் பெர்கே பண்ணைக்குக் குடிபோன அன்றே லார்ஸ் பெர்கே ஆகிவிட்டார். நெஸ்ஸில் இருந்தவரை கல்யாண வீடு, சாவு வீடு பாராமல் கைநீட்டிய மனிதர், பெர்கேவுக்கு வந்தபின் ஒரு கோழியைக்கூட அதட்டியதில்லையாம். "லார்ஸ்னு மட்டும் சொன்னா எந்த லார்ஸ்? அடிக்கிற லார்ஸா, அடங்கின லார்ஸா?" என்று கேட்பார் குன்வோர். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டார்.

மாடியில் எக்ஸ்ரே பிரிவில் யாருக்கும் இந்தப் பொறுமை கிடையாது. வயிற்றைப் படம் பிடிக்க நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கும் வெள்ளைக் கூழின் முழுப்பெயர் பேரியம் சல்ஃபேட். அங்கே அது வெறும் 'பேரியம்'. போனில் கேட்பதும் அப்படித்தான், சீட்டில் எழுதுவதும் அப்படித்தான். சொல்லிச் சொல்லிக் குன்வோருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பேரியத்தின் கையில் கொடுக்க இரண்டு உண்டு. சல்ஃபேட்டுக்கு வேண்டியதும் இரண்டு. அந்தப் பிடியை வயிற்றின் அமிலத்தாலும் பிரிக்க முடியாது. குடித்த கூழ் வந்த வழி தெரியாமல் வெளியே போய்விடும். கார்பனேட்டும் இரண்டுதான் வாங்கும். ஆனால் அமிலம் பட்டால் நுரைத்துக்கொண்டு பிடியை விட்டுவிடும். தனியே அவிழ்ந்த பேரியம் இதயத்தை நிறுத்தும். பெர்கே பண்ணையில் எலிக்கு வைத்த மாவு அந்தப் பேரியம் கார்பனேட்தான். அதை நக்கிய நாய் விடிவதற்குள் விறைத்துப்போனதைப் பத்து வயதுக் குன்வோர் பார்த்திருக்கிறார். விரலை மாட்டுவதோடு நிறுத்தாமல் இழுத்தும் பார்ப்பது அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் காப்பியை முடித்துவிட்டுக் குன்வோர் திரும்பியபோது மேசையில் ஒரு புதிய தகர டப்பா இருந்தது. படகில் நனைந்து, கயிறு உரசி, சீட்டு பாதி கிழிந்திருந்தது. மிச்சமிருந்த சொல் ஒன்றுதான்: பேரியம்.

"இது எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான் அக்கா," என்றார் ஆர்விட். "மேல அவசரம்னாங்க. ராஸ்ப்பெரி சாறு விட்டுக் கலக்கி அனுப்பிட்டேன்."

"பின்பேரு என்னன்னு பாத்தியா?"

"எக்ஸ்ரேக்கு வேறென்ன வரப்போகுது? பேரியம்தானே கேட்டாங்க."

"கிடங்குலயும் இப்படித்தான் கேட்டியா?"

ஆர்விட் கிழிந்த சீட்டை விரலால் நீவினார். அப்படித்தான் கேட்டிருந்தார். நகரத்துக் கிடங்கு மருத்துவமனைக்கு மட்டும் சரக்கு அனுப்புவதில்லை. பண்ணைகளுக்கு எலிமருந்து போவதும் அங்கிருந்துதான்.

குன்வோர் படிகளில் ஓடினார். ஐம்பத்து நான்கு வயதில், நாற்பத்திரண்டு படி. எக்ஸ்ரே அறையில் அஸ்லாக் என்ற மீனவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதமாகச் சோறு தண்ணீர் தங்காமல், இரத்தமாக வாந்தி எடுத்து, சட்டை தொளதொளத்துப்போன மனிதர். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பட்டினி. இளஞ்சிவப்புக் கூழ்க் கோப்பை அவர் உதட்டுக்குப் போய்விட்டது. குன்வோர் அதைப் பிடுங்கினார். பாதி குன்வோரின் கோட்டில் கொட்டியது.

"குடிச்சீங்களா?"

"நாக்குல பட்டுச்சு. முழுங்கல."

"துப்புங்க. வாயைக் கொப்புளிச்சுத் துப்புங்க."

படம் எடுக்கக் காத்து நின்ற டாக்டர் வில்லும்சனின் காதுமடல் சிவந்துவிட்டது. "பெர்கே அம்மா, இங்க என்ன நடக்குது? இன்னிக்கே படம் கிடைச்சாத்தான் வியாழக்கிழமை அறுவைக்கு வைக்க முடியும். இவரு ரெண்டு மணிப் படகுல தீவுக்குப் போகணும்."

"அது என்னன்னு தெரியாம யாரும் குடிக்கக் கூடாது, டாக்டர்."

"பேரியம். வேறென்ன?"

"பேரியம் யாரோட?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கினார் குன்வோர்.

டப்பாவிலிருந்து ஒரு கரண்டி வெள்ளைத் தூளைக் கண்ணாடிக் குவளையில் போட்டார். வயிற்றில் இருக்கும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினார். மூக்கு குவளையைத் தொடுமளவு குனிந்து பார்த்தார். நுரைத்தால் எலிமருந்து. நுரைக்கவில்லை. அதை மட்டும் நம்பி ஒரு மனிதரின் வாயில் ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை. நுரைக்காமலே கரைகிற குளோரைடும் அந்தக் குடும்பத்தில் உண்டு, அதுவும் விஷம்தான். கலவையை வடிதாளில் ஊற்றினார். அது சொட்டுச் சொட்டாகத்தான் வடியும். யார் கெஞ்சினாலும் வேகம் கூடாது. சுவரில் போன் அடித்தது. ஆர்விட் எடுத்துக் கேட்டுவிட்டு, "டாக்டர் கத்துறாரு அக்கா," என்றார். "கத்தட்டும்." மறுபடி அடித்தது. இந்தமுறை எடுக்க வேண்டாம் என்று தலையசைத்தார். ஆர்விட்டின் முகத்தில் ஈயாடவில்லை. பயம் குன்வோருக்கும் இருந்தது. தூள் தப்பானதாக இருந்துவிடுமோ என்று பாதி. சரியானதாக இருந்து, பட்டினி கிடக்கும் ஒரு நோயாளியின் நாளைத் தான் பாழாக்கிவிட்டோமோ என்று மீதி.

சோதனைக்குழாயில் வடிந்த தெளிநீரில் சல்ஃப்யூரிக் அமிலம் ஒரு துளி விட்டார். அவிழ்ந்த பேரியம் அதில் கொஞ்சம் இருந்தாலும் சல்ஃபேட்டைக் கண்டதும் பிடித்துக்கொள்ளும். நீர் பால்போலக் கலங்கும். சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே குழாயைப் பிடித்து நூறுவரை எண்ணினார். தெளிவாகவே இருந்தது. டப்பாவின் வேறு மூலையிலிருந்து இன்னொரு கரண்டி எடுத்து முதலிலிருந்து தொடங்கினார். அதுவும் தெளிவு.

"சல்ஃபேட்டுதான்," என்றார். ஆர்விட் ராஸ்ப்பெரி சாற்றுப் புட்டியை எடுத்தார்.

புதிதாகக் கலக்கிய கோப்பையோடு மேலே போனபோது அஸ்லாக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நல்லதுதான் அது. குடிக்கலாம்," என்றார் குன்வோர்.

"ஏம்மா, கொஞ்சம் முந்தி என் வாயிலேர்ந்து பிடுங்கின. இப்ப நீயே குடிங்கிற. நான் என்ன வலையில விழுந்த மீனா, இப்படியும் அப்படியும் புரட்ட?"

"ஒண்ணும் செய்யாதுங்க, நான் சொல்றேன்," என்றார் டாக்டர்.

"நீங்க அப்பவும் அதத்தானே சொன்னீங்க." தொப்பி கிடைத்துவிட்டது. "நான் கிளம்புறேன். வீட்டுல கிடந்தே போய்ச் சேர்றேன்."

டாக்டர் குன்வோரைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. படகேறிவிட்டால் இந்த மனிதர் திரும்பி வரப்போவதில்லை. குன்வோருக்கும் அது தெரியும். நோயாளியைக் காப்பாற்ற ஓடி வந்து, அவரை வீட்டுக்கு விரட்டிச் சாகவிட்ட பழி தன் தலையில்தான் விழும். விழவும் வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியது.

அமிலம், வடிதாள் என்றெல்லாம் அவர் விளக்கவில்லை. கோப்பையைத் தூக்கி மடக் மடக்கென்று பாதியைக் குடித்தார். சுண்ணாம்பைக் கரைத்துக் குடிப்பதுபோல் இருக்கும் அது. கண்ணில் நீர் வந்தது. மேலுதட்டில் இளஞ்சிவப்பாக ஒரு மீசை. துடைக்காமல், மீதிப் பாதியை நீட்டினார்.

அஸ்லாக் அந்த மீசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தொப்பியைப் பெஞ்சில் வைத்தார்.

"கொஞ்சமாச்சும் சர்க்கரை போட்டிருக்கலாம்," என்று சொல்லிக் கோப்பையை வாங்கினார்.

"போய் இன்னொரு கோப்பை கலக்கிட்டு வாங்க, இது பத்தாது," என்றார் டாக்டர். குன்வோர் நகரவில்லை. அஸ்லாக் கடைசி மடக்கை விழுங்கும்வரை அங்கேயே நின்றார், இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால். இடக்கையின் இரண்டு விரலும் வலக்கையின் இரண்டு விரலும் கொக்கி போல மாட்டிக்கொண்டு, கணு வெளுக்க இழுத்துக்கொண்டிருந்தன.