மயக்கம் என்று சொன்னேன்

என் மகளின் நோயைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் என் மலையாளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருநெல்வேலியில் பி.ஏ. முடித்துவிட்டு, கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகு வியாபாரியிடம் ஆங்கிலக் கடிதங்கள் எழுத வந்தவன் நான். இரண்டு வருடத்தில் மலையாளப் பத்திரிகை படிக்கப் பழகிவிட்டேன். கடைக்கு வரும் புதியவர்கள் என்னை அந்த ஊர்க்காரன் என்றே நினைத்துப் பேசுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கல்யாணமாகி வந்த மனைவிக்கு மீன்காரியிடம் பேசும் அளவுக்குத்தான் மலையாளம் வந்தது. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், டாக்டர் எல்லா இடத்திலும் நானே பேசுவேன்.

எழுபதுகள் முடியும் சமயம். மகளுக்கு ஐந்து வயது. ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது, பிள்ளைக்கு மயக்கம் வந்தது என்று மனைவி சொன்னாள். அப்போது குழந்தை அவள் மடியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் இரண்டு முறை வந்ததாம். நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நான் வந்து பார்க்கும்போதெல்லாம் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், அல்லது எழுந்து விளையாடிக்கொண்டிருப்பாள்.

பஜாருக்குப் பின்னால் ஒரு வயதான டாக்டர் இருந்தார். அவரிடம் கூட்டிப்போனோம். "பிள்ளைக்கு மயக்கம் வருதுன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி. நான் அதை மலையாளத்தில் சொன்னேன். மயக்கம் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டேன். மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. மலையாளப் பத்திரிகையிலும் அந்தச் சொல்லை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எப்போதும் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இடையிடையே என்றேன். இரவில் நன்றாக உறங்குகிறாளா என்றார். உறங்குகிறாள் என்றேன். சாப்பாடு? குறைவுதான் என்றேன். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் எழுதிக் கொடுத்தார். சரியாகாமல் மறுபடி போனோம். டானிக்கை மாற்றினார். ஒன்றரை வருடம் இப்படி நடந்தது. நானும் அவரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டதாகவே இருவரும் நினைத்திருந்தோம்.

இதற்கிடையில் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமுமாக வாய் ஓயாமல் பேசியவள். முதலில் பாட்டுகளை மறந்தாள். பிறகு சாமான்களின் பெயர்கள் போயின. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்துப் பானையிடம் இழுத்துப் போவாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. திமிர் என்று நினைத்து ஒருநாள் அடித்தேன். அடி வாங்கிக்கொண்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

எறணாகுளத்தில் குழந்தைகளின் மூளை, நரம்பு நோய்களுக்கென்றே தனியாக ஒரு ஆஸ்பத்திரி இருப்பதாகப் பள்ளிக்கூட டீச்சர்தான் சொன்னார். படகுத்துறையில் போட் ஏறிப் போனோம். நீண்ட வராந்தா. நிற்க முடியாத பிள்ளைகளையும், கழுத்து நிற்காத பிள்ளைகளையும் தாய்மார்கள் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் என்ன நோய் என்று கேட்கவில்லை.

டாக்டர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் தூக்கக் கலக்கம் என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்ததை அன்றுதான் கவனித்தேன். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். மயக்கம் என்று நான் சொன்னதும் மனைவி என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்க சும்மா இருங்க. நான் காட்டுதேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சிமென்ட் தரையில் உட்கார்ந்தாள். கையில் தம்ளர் பிடித்திருப்பதுபோல விரல்களை வைத்தாள். விரல்கள் விரிந்தன. கண்கள் இடது ஓரத்துக்குப் போய் நின்றன. வாய் எதையோ மென்றது. ஒரு கை மட்டும் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். கதவருகே நின்ற நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்திரு என்றேன். டாக்டர் மேசையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் தரையில் குந்தினார்.

"ஒந்நு கூடி காணிக்கூ" என்றார்.

மனைவி இன்னொரு முறை காட்டினாள். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இது சுழலி என்றார். வலிப்புக்கு மலையாளச் சொல். நான் அவளிடம் தமிழில் சொல்வதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது.

அன்றே வார்டில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் பள்ளுருத்திக்காரி ஒருத்தி தன் மகளோடு இருந்தாள். தமிழ்க் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் கொச்சியில். நடந்ததை மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சேட்டா, இங்க மயக்கம்னா கண்ணு அசந்து ஒறக்கம் வர்றதாக்கும். ஒங்க ஊருலதான் போதம் போறதுக்கு மயக்கம்னு சொல்லும். இத்தன கொல்லமா இங்க சாயா குடிச்சும் இது அறியலியா?"

கேலியாகத்தான் சொன்னாள். மனைவிகூடச் சிரித்தாள். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் குழந்தையின் தலையில் பசை தடவி வயர்களை ஒட்டினார்கள். ஊசிமுனைகள் தாளில் கிறுக்கிக்கொண்டே போயின. தூக்கத்தில்கூட அவள் மூளை ஓயவில்லை என்றார் டாக்டர். பேச்சு இருக்கும் இடத்தையே அது அரித்துக்கொண்டிருக்கிறதாம். முதல் மாதமே வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். அதைச் சொல்ல முடியாது என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மாத்திரையில் வலிப்பு குறைந்தது. சில மாதங்களில் நின்றே போயிற்று. ஆனால் போன பேச்சு வரவில்லை. இனி இரண்டு மொழி அவளுக்குச் சுமை, வீட்டிலும் வெளியிலும் ஒரே மொழி பேசுங்கள் என்று டாக்டர் சொன்னார். எது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். திரும்பும்போது போட்டில் எந்த மொழி என்று மனைவியிடம் கேட்டேன். தமிழ் என்றுதான் சொல்வாள் என்று இருந்தேன். அவளுக்கு வேறு மொழி ஏது?

"மலையாளமே இருக்கட்டும்" என்றாள். "நான் இருக்க வரைக்கும் தமிழ்ல பேசலாம். பொறவு அவகிட்ட யாரு பேசுவா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மகள் காதில் விழும்படி தமிழ் பேசுவதில்லை. தண்ணீர், துடைப்பம், உட்கார், எழுந்திரு என்று ஒவ்வொன்றாக மனைவி அக்கம்பக்கத்தில் கேட்டுப் படித்தாள். தெரிந்த சொற்கள் தீர்ந்துபோனால் பேசாமல் தலையைத் தடவுவாள். முன்பெல்லாம் நாள் முழுக்க மகளோடு பேசிக்கொண்டிருந்தவள். மகளுக்குத் தண்ணீரைக் குறிக்கும் வெள்ளம் என்ற சொல் முதலில் வந்தது. இன்று பதின்மூன்று வயது. கொஞ்சம் பேசுகிறாள். பிறர் சொல்வதில் பாதிதான் புரிகிறது.

மலையாளத்துக்கு மாறிய முதல் வருடத்தில் ஒருநாள், மகளுக்குத் தலை சீவிவிட்டுவிட்டு மனைவி அடுக்களைக்கு வந்தாள். குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டாள்.

"ராசாத்தின்னு கொஞ்சுததுக்கு இவங்க என்ன சொல்வாங்க?"

இரண்டு மூன்று சொற்கள் என் வாய் வரை வந்தன. பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.