எண்ணுக்கும் ஊர் உண்டு என்றவர்

மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை மண்டியில் இறக்கிவிட்டு வந்த அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "பாப்பா, விழுப்புரத்துல உன்ன ஸ்கேன் பண்ற டாக்டரம்மா போயிட்டாங்களாம். மாரடைப்பாம்."

முதலில் எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. இனி என் ஈரலை யார் அளப்பார்கள்?

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்கேன் சென்டரில் அவர் படத்தருகே இதை வைப்பார்களாம். என் பெயரைப் போட முடியாது. நோய் வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று வீட்டில் மறைத்திருக்கிறார்கள். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அந்த ஸ்கேன் ஓர் எண்ணாகச் சொல்லும். வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். முதல்முறை போன அன்று அவர் "சாப்டாச்சா?" என்று கேட்டதும் அம்மா, "ஆச்சுங்க மேடம், நீங்க?" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "ஏம்மா, மரியாதைக்குச் சாப்டீங்களா, நெஜமாவே சாப்டீங்களா?"

"நான் ஒண்ணும் சாப்டல மேடம்" என்று நான் முணுமுணுத்தேன்.

"நல்லவேள வாயத் தொறந்த கண்ணு. உங்கம்மா மரியாதைய நம்பி உன்னத் திருப்பி அனுப்பியிருப்பேன்."

போன அறுவடையின்போது விழுப்புரம் போக முடியவில்லை. பக்கத்தில் என்று திண்டிவனத்தில் எடுத்தோம். எண் கூடியிருந்தது. அப்பா உடைந்துபோனார். "இவ்ளோ மாத்திர போட்டும் ஏறிக்கினேதான் போவுது. நிறுத்திடலாம்" என்றார். அம்மாதான் மன்றாடி, கடைசியாக ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப்போனார்.

டாக்டர் புதிய தாளில் விரலை வைத்து, "இந்த நம்பர் எந்த ஊரு?" என்று கேட்டார்.

"திண்டிவனங்க."

"பழசு?"

"இங்க எடுத்ததுதாங்க."

"நம்பருக்கும் ஊரு உண்டுங்க. ஊரு விசாரிக்காம ரெண்டுக்கும் சம்பந்தம் பேசினா எப்படி?"

என்னைப் பழைய மெஷினிலேயே மறுபடி அளந்தார். எண் ஏறவில்லை.

"அப்ப அந்த மெஷின் பொய்யிங்களா?" என்றார் அப்பா.

"இல்லீங்க. ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு விதமா அளக்குது. அது சொல்றத அதோடதான் ஒப்பிட்டுப் பாக்கணும்."

அப்பா தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை. அது டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே சாப்பிடாமல் விழுப்புரத்தில் தன் ஈரலை அளந்துகொண்டு, திண்டிவனத்துக்கு வந்து, நான் படுத்த அதே கட்டிலில் படுத்து அளந்துகொண்டார். அப்பாவையும் என்னையும் அங்கே வரச்சொல்லி இரண்டு எண்களையும் காட்டினார். டாக்டருக்கும் திண்டிவனத்தில்தான் எண் கூடியிருந்தது.

"பாருங்க, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுறதுக்குள்ள என் ஈரலும் கெட்டுப்போச்சு! நானும் மாத்திர போடட்டுமா?"

அப்பா சிரித்தார். என் நோய் தெரிந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிறுத்தலங்க மேடம்" என்றார்.

"அது போதும். ஜல்தி இட்லி வாங்கிக் குடுங்க, பசி உயிர் போவுது."

எங்களுக்காக அவர் பட்டினி கிடந்ததற்கு நான் நன்றி சொன்னதே இல்லை. வெட்கம். இப்போது சொல்கிறேன், மேடம்.

அடுத்த ஸ்கேனை யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் எனக்கு விட்டுச்சென்றது என் கையில் இருக்கிறது: நிற்காமல் தொடரும் இந்த மருந்து. இன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.