மூன்றும் இடது கால்

ஈராக்கில் குண்டு விழுந்துகொண்டிருந்த மாதம் அது. ஷார்ஜாவில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்காரர்களுக்குத் திடீரென்று போர் எதிர்ப்புக் கவிதை சுரந்தது. வெள்ளிக்கிழமை மதியம் கவியரங்கம், முடிந்ததும் பிரியாணி. மேடையேறிய பதினோரு பேரில் ஒன்பது பேர் கவிதையில் புறா பறக்கவிட்டார்கள்.

நான் சொந்தமாக எதுவும் எழுதவில்லை. அணுகுண்டுக்குத் தப்பிய ஜப்பானியப் பெண்களின் கவிதைகள் ஆங்கிலத்தில் ஒரு பழைய புத்தகமாகக் கிடைத்திருந்தன. போருக்கு முன்பே, அஜ்மானிலிருந்து வேலைக்குப் போகும் வேனில் மூன்று மாதம் உட்கார்ந்து அதில் ஒன்றைத் தமிழாக்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இங்கேயே ஷார்ஜா தொழில்பேட்டையில் மெக்கானிக்காக இருந்த அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் வரையத் தெரியும். அவர் காதில் இந்தக் கவிதை பழுதில்லாமல் விழ வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சாம்பலில் குழந்தையைத் தேடுகிற தாய்க்கு மூன்று செருப்புகள் கிடைக்கின்றன. மூன்றும் இடது கால். கவிதை அங்கேயே நின்றுவிடும்.

தலைமைக் கவிஞர் வாரத்தில் ஆறு நாள் டைல்ஸ் விற்பவர். என் தாளை முன்பக்கம் பின்பக்கம் புரட்டினார்.

"என்னம்மா, நம்பிக்கையா ஒண்ணுமே இல்லையே? ஜப்பான்னா செர்ரிப் பூ வரணும்ல? கடைசியில ஒண்ணு பூக்க வையேன்."

"எழுதினவங்க பூக்க வைக்கல சார்."

"சரி, விடு. ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவ வாசி. நடுவுல கேப் விடு. அப்பதான் கைதட்டுவாங்க."

கவியரங்கத்தில் அதுதான் வழக்கம். வரியைச் சொல்லி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, மறுபடி சொல்ல வேண்டும். பிள்ளையைத் தேடுகிறவள் கைதட்டலுக்கு நின்று காத்திருப்பாளா? நான் ஒரே ஒரு முறை வாசித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பின்வரிசையில் யாரோ, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

தலைமைக் கவிஞர் மைக்கை இழுத்துக்கொண்டார். "தங்கச்சிக்குக் கூச்சம்!" என்றவர், கையை உயர்த்தி முழங்கினார். "மூன்றும்… இடது கால்! மூன்றும்… இடது கால்!"

அரங்கம் அதிர்ந்தது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அப்பா மட்டும் கைதட்டவில்லை. மகள் சொதப்பிவிட்டாள் என்று வெட்கப்படுகிறார் போலும் என்று நினைத்தேன். பிரியாணி வரிசையில் என் பக்கம் குனிந்து கேட்டார்.

"அந்தப் புள்ள கெடச்சுதாம்மா?"

"அத எழுதலப்பா."

வெறும் தட்டைப் பிடித்தபடி அப்பா அப்படியே நின்றார். பின்னால் நின்ற புறாக் கவிஞர் ஒருவர் அவர் தோளைத் தட்டினார்.

"யல்லா அண்ணே, நகருங்க. லெக்பீஸ் தீந்துடும்."